நாற்பத்தெட்டுப் பவுண்ட்

வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
நாற்பத்தொன்பது இருக்கை,
ஊருக்குள் இருபது மைல்,
பின்வரிசையில் யாராவது ஒருவன் வாந்தி எடுப்பான்.
ஆறாம் நாளுக்கென்று வாங்கியது
இரண்டே இருக்கை உள்ள இந்தச் சிவப்பு வண்டி.
என்னைவிட இருபது வயது இளையது,
மூட்டுவலி மட்டும் அதற்குத்தான் முதலில் வந்தது.

சங்கத்தில் சேர்ந்துவிடு என்றான் மெய்ரிக்,
பெட்ரோல் போடும் இடத்தில், பெயர்கூடக் கேட்காமல்.
வருடத்துக்கு நாற்பத்தெட்டுப் பவுண்ட்.
சரி, என்ன தருவீர்கள்?
முன்னால் ஒட்ட ஒரு முத்திரை,
மூன்று மாதத்துக்கொரு இதழ்,
காப்பீட்டில் பத்து சதவீதம் தள்ளுபடி,
முதல் ஞாயிறு பாலா ஏரிக்கரையில் கூட்டம்.
வேண்டுமானால் ஒருமுறை சும்மா வந்து பார்.

போய்ப் பார்த்தேன்.
துரு.
ஒரு மணி நேரம் துருவைப் பற்றியே பேச்சு.
கதவுக்கடியில் வரும் துரு, சக்கர வளைவில் வரும் துரு,
வந்தும் முகம் காட்டாத துரு.
டெக்வென், ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
என் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து
'ம்... ம்...' என்றாள்,
கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்லப் பழகியவள்.
ஹெவின் பதினொரு வருடமாகக் கூரையைத் திறந்ததில்லையாம்.
மழை வரலாம் என்கிறான்.
வேல்ஸில் இருந்துகொண்டு.

பிறகு ஊர்வலம்.
நூற்று முப்பது மைல் தொடக்கூடிய முப்பத்தொரு வண்டிகள்
ஆடு ஏற்றிய ட்ரெய்லர் ஒன்றின் பின்னால்
பதினைந்தில்.
ஆடுகள் எங்களைப் பார்த்தபடியே வந்தன,
மெல்லுவதை நிறுத்தாமல்.

இதற்கா பணம்?
விடியுமுன் தனியாகக் கணவாய் ஏறினால்
சாலை மொத்தமும் எனக்கு.
மூன்றாம் கியரில் அந்த நீண்ட வளைவு
முதுகுத்தண்டில் வந்து உட்காரும்.
அதற்குச் சந்தா இல்லை.
எதிரே இதே ஜாதி வண்டி வந்தால்
ஸ்டீயரிங்கை விட்டு இரண்டு விரல் உயரும்.
அதற்கும் இல்லை.

படிவத்தைக் குப்பையில் போட்டேன்.
பொய். தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தேன்.

அக்டோபரில் இடப்பக்கக் கண்ணாடி
கதவுக்குள் தொபுக்கென்று விழுந்தது.
அதைத் தாங்கும் கொக்கி உடைந்திருந்தது,
சுண்டுவிரல் நகமளவு பிளாஸ்டிக்.
அதைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.
கதவையே மாற்று, அறுநூறு ஆகும் என்றார் மெக்கானிக்.
மூன்று வாரம் கறுப்புப் பையும் டேப்பும்.
பேருந்துப் பிள்ளைகள் எனக்குக் குப்பை ராணி என்று பட்டம் கட்டினார்கள்.

நான்காம் வாரம் டெக்வென் வந்தாள்
இருமல் மிட்டாய் டப்பாவோடு.
உள்ளே பஞ்சில், பிடுங்கிய பல் போல
ஒரே ஒரு கொக்கி.
எங்கே கிடைத்தது?
ஹெவின் கழற்றிக் கொடுத்தான்.
அவன் கதவில் இப்போது ஒரு மரத்துண்டை அடித்து வைத்திருக்கிறான்.
அந்தப் பக்கம் உட்கார ஆளில்லையாம்,
கண்ணாடி இறங்காவிட்டால் என்ன என்றானாம்.

நான் உறுப்பினர் இல்லையே என்றேன்.
நான் கேட்டேனா, என்றாள்,
ஸ்க்ரூட்ரைவரை வாயில் கவ்விக்கொண்டு.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள்.
நான் உழவே இல்லை, வந்து சேர்ந்தது உழக்கு.
இந்தக் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நவம்பரில் பணம் கட்டினேன்.
தள்ளுபடி கிடைத்தது, ஏழு பவுண்ட்.
இதழைப் பிரிக்கவில்லை.
முத்திரையைக் கோணலாக ஒட்டிவிட்டேன்,
பார்க்கும்போதெல்லாம் மெய்ரிக் சொல்லிக் காட்டுகிறான்.
சேரலாமா என்று யாராவது கேட்டால்
இன்னும் எனக்கு ஒழுங்கான பதில் வரவில்லை.

ஞாயிறு ஊர்வலத்தில் ஹெவின் என் வண்டியில் ஏறினான்.
தூறல். கூரையைத் திறந்தே வைத்திருந்தேன்.
முணுமுணுத்தான், தொப்பியைக் காதுவரை இழுத்தான்.
முன்னால் இன்னொரு ஆட்டு ட்ரெய்லர்.
கொஞ்ச நேரம் கழித்து
தன் பக்கக் கண்ணாடியை இறக்கினான், ஏற்றினான்,
மறுபடி இறக்கினான்.
தலைக்குமேல் வானமே திறந்து கிடக்கையில்
கண்ணாடி எதற்கு என்று
நான் கேட்கவில்லை.